லிங்க் அனுப்பிவிட்டால் சிகிச்சை முடிந்ததா? கேரி தீவுக்கு வேண்டியது ஒரு கூடம்!



"இயங்கலையில் குழு சிகிச்சை இருக்கிறது. லிங்க் அனுப்புகிறோம். வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம்."

மனப்பதற்றத்தோடு உதவி தேடிப் போகிறவர்களுக்கு, 2020-இன் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு அடிக்கடி காதில் விழும் பதில் இது. கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. பெட்ரோல் காசு மிச்சம். அரை நாள் சம்பளம் போகாது. யார் கண்ணிலும் பட வேண்டாம். எல்லாம் சரி. எந்த வீட்டிலிருந்து கலந்துகொள்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை!

கேரி தீவில், செம்பனைக்கு நடுவே இருக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் அடுப்படி. ஆறு பேர் குடியிருக்கிறார்கள். வீடியோ ஓடக்கூடிய கைப்பேசி ஒன்றுதான். அதுவும் ப்ரீபெய்ட். மாமியார் கூடத்தில் நாடகம் பார்க்கிறார். பையன் வீட்டுப்பாடத்துக்காகக் கைப்பேசிக்குக் காத்திருக்கிறான். அந்த வீட்டு மருமகளுக்கு இரவு எட்டு மணிக்குக் குழு சிகிச்சை. அவள் எங்கே போய் உட்காருவாள்? குளியலறையிலா? "எனக்கு இந்த வீட்டுக்குள் இருக்கவே பயமாக இருக்கிறது" என்று அவள் சொல்ல வேண்டும். அந்தப் பயத்துக்குக் காரணமான மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். அவள் சொல்வாளா? "நான் நல்லா இருக்கேங்க" என்பாள். குழுவை நடத்துகிறவர் தன் குறிப்பேட்டில் முன்னேற்றம் என்று எழுதிக்கொள்வார்.

காணொலி வழி சிகிச்சை நல்லதா, நேரில் கூடிச் செய்யும் சிகிச்சை நல்லதா என்று படித்தவர்கள் வாதம் செய்கிறார்கள். நல்ல வாதம்தான். ஆனால் நம்மைப் பொறுத்தவரை அந்த வாதத்தின் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை யாருக்கு இருக்கிறது? தாய்மொழியில் அழுவதற்கு யாருக்கு வாய்ப்பு இருக்கிறது? பங்சாரில் இருப்பவருக்கு இரண்டும் இருக்கலாம். தோட்டத்தில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. இருவருக்கும் ஒரே லிங்க்கை அனுப்பிவிட்டு "சம வாய்ப்பு" என்று சொல்வதை நாம் எப்படி ஏற்றுக்கொள்வது?

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம். "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "ஈரக்குலை நடுங்குது", "வயித்துல புளியைக் கரைக்குது", "கையும் காலும் ஓடல." இதையெல்லாம் நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகாமல் உட்கார்ந்துகொண்டால், தூக்கம் கெட்டால், பஸ் ஏற முடியாமல், கடைக்குப் போக முடியாமல், நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல் போனால், அது நோய். சாமி குற்றமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. திடீரென்று மூச்சு முட்டி, நெஞ்சு வலித்து, மாரடைப்பு என்று பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. இருதயத்தைச் சோதித்து "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் பிறகு ஏன் அடுத்த வாரமும் வருகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இது நம் மக்களுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. சுகாதார அமைச்சின் 2015 தேசியச் சுகாதார ஆய்வு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. மனச்சோர்வை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019 ஆய்வில் 2.3 விழுக்காடாக இருந்தது, 2023 ஆய்வில் 4.6 விழுக்காடு. நாலே ஆண்டில் இரண்டு மடங்கு! இது அரசாங்கத்தின் கணக்கு, நம் கணக்கு அல்ல.

தோட்டத்தில் பதற்றத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வேலை போனால் வீடும் போகும். கேரி தீவில் மூன்றாவது துறைமுகம் வருகிறது என்ற பேச்சு 2017-இல் பெரிதாக எழுந்தது, அடங்கியது, மறுபடியும் தலைதூக்கியது. துறைமுகம் வந்தால் நாம் எங்கே என்று ஒவ்வொரு முறையும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான். இந்தப் பயத்தைச் சிகிச்சை கொடுத்துப் போக்கிவிட முடியாது. வீட்டுரிமை கொடுத்துத்தான் போக்க வேண்டும். அது வேறு போராட்டம். அது நடக்கும்வரை தூங்க முடியாமல் தவிப்பவரை அப்படியே விட்டுவிடலாமா?

குழு சிகிச்சை என்றால் என்ன?

மருந்து மாத்திரை அல்ல. எட்டு, பத்துப் பேர் வாரம் ஒரு முறை கூடி, பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்த, ஏறக்குறைய இரண்டு மாதம், மூன்று மாதம் பழகுவது. மூச்சை எப்படி அடக்கி ஆள்வது, "நான் செத்துவிடுவேன்" என்று மனம் சொல்லும்போது அதை எப்படிக் கேள்வி கேட்பது என்று கற்றுக்கொள்வார்கள். முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பயந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். பஸ்ஸுக்குப் பயந்தவர் முதல் வாரம் பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்புவார். அடுத்த வாரம் ஏறி ஒரு நிறுத்தம் போவார். அதற்கடுத்த வாரம் குழுவில் வந்து சொல்வார். அங்கே கையைத் தட்டுகிறவர்களும் அதே பயத்தில் கிடந்து எழுந்தவர்கள். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் அங்கே உடைகிறது. இந்த உடைப்புக்காகத்தான் குழு.

இதைக் காணொலியில் செய்ய முடியுமா? முடியும். நான் பொய் சொல்ல மாட்டேன். 2020-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும், காணொலியில் தொடர்ந்து கலந்துகொண்டவர்கள் நேரில் வந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே தேறியதாகச் சொல்கின்றன. "தொடர்ந்து கலந்துகொண்டவர்கள்" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். இணையமும், கருவியும், தனியிடமும், சிகிச்சை நடக்கும் மொழியும் உள்ளவர்கள்தான் தொடர்ந்து கலந்துகொள்கிறார்கள். அவர்களை வைத்து எடுத்த கணக்கைக் கொண்டுவந்து தோட்டத்து வீட்டில் ஒட்டுவது என்ன நியாயம்? சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத இணையம் கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததை 2020-இல் நாடே பார்த்தது. மரத்தின் மேல் உட்கார்ந்து தேர்வு எழுதலாம். மனதைத் திறக்க முடியுமா?

காணொலியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனிதர்களைக் கண்டு கூசுவதே நோயாக உள்ளவருக்குக் கேமராவை அணைத்துவிடும் பொத்தான் ஒரு பெரிய ஒளிவிடம். அணைத்துவிட்டு, மைக்கையும் மூடிவிட்டு, இரண்டு மணி நேரம் "கலந்துகொள்ளலாம்". எதைத் தவிர்ப்பதால் நோய் வளர்கிறதோ அதையே சிகிச்சைக்குள் உட்கார்ந்து செய்வது! அணைக்காமல் இருந்தாலும் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நான் எப்படித் தெரிகிறேன், குரல் நடுங்குகிறதா" என்று கூச்சம் இன்னும் கூடும். நேரில் கூடும் குழுவில் கதவைத் தாண்டி உள்ளே வந்து, "வணக்கம்" சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதே பாதிச் சிகிச்சை.

காணொலிக்கும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டவே முடியாத அளவுக்குப் பயம் முற்றியவருக்கு முதல் சில வாரம் திரைதான் கைப்பிடி. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை விட்டு நகர முடியாத மகளுக்கும் அப்படித்தான். தன் தோட்டத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர் ஈப்போவில் உள்ள குழுவில் பெயர் சொல்லாமல் சேரலாம். இவர்களிடமிருந்து காணொலியைப் பிடுங்கச் சொல்லவில்லை. காணொலி இருக்கிறதே என்று கூடத்தைப் பூட்டாதீர்கள் என்கிறேன்.

அப்படியானால் கிள்ளானுக்கு வாருங்கள் என்கிறார்கள்!

நேரில் வேண்டும் என்று கேட்டால் கைகாட்டப்படும் இடம் பெரிய மருத்துவமனை. சரி, போவோம். தீவிலிருந்து பாலம் தாண்டி, தெலுக் பங்ளிமா காராங் வந்து, அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. கார் இல்லாதவருக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். குடிமகனுக்கு நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு 65 வெள்ளி சில்லறை. பத்து வாரம் பத்து நாள் போனால் 650 வெள்ளிக்கு மேல். குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த நாளே போச்சு. ஐந்து வெள்ளிச் சிகிச்சை 650 வெள்ளியாகிவிடுகிறது! அடையாள அட்டைச் சிக்கலில் கிடக்கும் நம் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். இந்த மண்ணில் பிறந்தும் வெளிநாட்டுக்காரர் கட்டணம்.

வேலைச் சட்டம் 1955, பிரிவு 60எஃப் மருத்துவ விடுப்பு கொடுக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆனால் எம்.சி. கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருத்துவர். குழுவை நடத்தும் ஆலோசகரோ மனோதத்துவ வல்லுநரோ எழுதிக் கொடுப்பது எம்.சி. ஆகாது. பெரும்பாலும் கையில் கிடைப்பது டைம் சிலிப். டைம் சிலிப்பை நீட்டினால் சம்பளத்தில் கை வைக்கிற முதலாளிகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அந்த வழக்குகள் என் மேசையில் இருக்கின்றன.

2023 ஜனவரியிலிருந்து இன்னொரு கதவு திறந்திருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 60பி, 60கியூ படி வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் சிகிச்சை, அன்று சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிக்கிறேன்" என்று ஒரு கடிதம் எழுதுங்கள். நோயின் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவத் தேவை என்றால் போதும்.

ஆக, வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார் என்பதும் நமக்கு ஆகவில்லை, கிள்ளானுக்கு வா என்பதும் ஆகவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மிடம் கேட்பதே தவறு. வேறு வழி உண்டு, அதை வேறொரு தீவுக் கூட்டத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஹவாயில் நடந்தது அது. அங்கே உள்ள தீவுகளில் சிதறிக் கிடந்த முன்னாள் போர்வீரர்களுக்குக் குழு சிகிச்சை கொடுப்பது எப்படி என்று லெஸ்லி மோர்லண்ட் என்ற மனோதத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும் இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். ஒன்று கோபத்தை அடக்குவதற்கான குழு, 2010-இல் வெளிவந்தது. மற்றொன்று போரின் அதிர்ச்சியால் வந்த மனவடுவுக்கான குழு, 2014-இல் வெளிவந்தது. மனவடு என்பது பதற்ற நோய்க்கு உடன்பிறப்பு. ஒவ்வொன்றிலும் 125 பேர். பாதிப் பேருக்குச் சிகிச்சையாளர் நேரில் வந்தார். மீதிப் பேருக்குத் திரையில் வந்தார். இரண்டு ஆய்விலும் திரை வழி வந்த சிகிச்சை நேரடிச் சிகிச்சையைவிடத் தாழ்ந்து போகவில்லை. கோபத்துக்கான குழுவில், திரையில் வந்த தலைவரோடு ஏற்பட்ட நெருக்கம் மட்டும் சற்றுக் குறைவாக இருந்தது.

பார்த்தீர்களா, காணொலி போதும் என்று நிரூபணமாகிவிட்டதே என்பார்கள். அவசரப்படாதீர்கள்! அந்தப் போர்வீரர்கள் அவரவர் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருக்கவில்லை. தங்கள் பகுதியில் உள்ள கிளினிக்குக்கு வந்து, ஒரே அறையில், ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். சிகிச்சையாளர் மட்டும்தான் திரையில். பக்கத்து நாற்காலியில் மனிதர் இருந்தார். கதவு இருந்தது. கதவுக்கு வெளியே மருத்துவப் பணியாளர் இருந்தார். யாராவது உடைந்து போனால் தோளைத் தொட ஒரு கை இருந்தது. இணையமும் திரையும் கிளினிக்கின் செலவு, நோயாளியின் ப்ரீபெய்ட் அல்ல.

கேரி தீவுக்கு இதைத்தான் கேட்கிறோம். நிபுணர் கோலாலம்பூரில் இருக்கட்டும். தமிழ் தெரிந்த மனோதத்துவ வல்லுநர்கள் குறைவு, வாரம் ஒரு முறை அவர்களைத் தீவுக்கு இழுக்க முடியாது என்றால் திரையில் வரட்டும். ஆனால் மக்கள் ஓரிடத்தில் கூடட்டும். தமிழ்ப்பள்ளி முடிந்த பிறகு அதன் வகுப்பறை இருக்கிறது. கோயில் மண்டபம் இருக்கிறது. தீவின் பெரும்பகுதி நிலம் வைத்திருக்கும் எஸ்டி கத்ரி, 2024 வரை சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற பெயரில் இருந்த நிறுவனம், ஓர் அறையை வாரம் இரண்டு மணி நேரம் கொடுப்பதால் குறைந்துவிடாது. ஒரு திரை, நல்ல இணையம், பத்து நாற்காலி, நேரில் உடனிருந்து குழுவைக் கவனித்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒரு தமிழ்ப் பெண். இதற்கு என்ன கோடியா செலவாகும்? தேர்தலுக்குத் தேர்தல் அரிசி மூட்டையோடு படம் எடுத்துக்கொள்ள வரும் தலைவர்களின் பதாகைச் செலவுக்குள் அடங்கிவிடும்.

"பயிற்சி பெற்ற பெண்ணுக்கு எங்கே போவது? பட்டம் வேண்டுமே" என்று அடுத்த சாக்கு வரும். ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா 2006-இல் தொடங்கியதைப் பாருங்கள். அங்கே மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மர பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். நோய்க்கு அவர்கள் மொழியில் "அதிகமாக யோசித்தல்" என்றே பெயர். நம் பாட்டிகளும் "ரொம்ப யோசிக்காதேம்மா" என்றுதானே சொல்வார்கள்? 24 கிளினிக்கில் 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. பெஞ்சில் தேறியவர்கள் பிறகு குழுவாகக் கூடிப் பை பின்னுகிறார்கள், பேசுகிறார்கள், நாலு காசும் பார்க்கிறார்கள். பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் போருக்குள் வாழ்ந்த 612 பெண்களை வைத்து ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. அங்கே உள்ளூர்ப் பெண்களே ஐந்து முறை நேரில் கூடும் குழுக்களை நடத்தினார்கள். பதற்றமும் சோர்வும் குறைந்தன. பட்டம் பெற்றவர் மேற்பார்வை செய்தால் போதும், பக்கத்தில் உட்காருகிறவர் நம்மில் ஒருவராக இருக்கலாம்.

தமிழில் முடியுமா என்றும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் போருக்கு நடுவிலேயே தமிழில் செய்தார்கள். ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம் என்று நம் மக்களுக்குப் பழகிய வழிகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். கவுன்சலிங் என்பதற்கு "உளவளத்துணை" என்று அழகான சொல் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. குண்டு விழுந்த ஊரில் முடிந்தது, கோலா லங்காட்டில் முடியாதா?

மொழியை நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஈரக்குலை நடுங்குவதை மலாயில் சொல்லச் சொன்னால் "தாக்குட்" என்ற ஒரே சொல்தான் நம் அம்மாவுக்கு வரும். ஐம்பது வயது வேதனை ஒரு சொல்லுக்குள் அடங்குமா? இதைச் சரிக்கட்ட மகளைக் கூட உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அப்பா அடித்ததைப் பிள்ளை வாயாலேயே சொல்ல வைப்பதா? இதே தீவில் நமக்கு அண்டை வீட்டாரான மா மேரி பூர்வகுடி மக்களுக்கும் இதே கேள்வி உண்டு. அவர்கள் கேட்டால் நாம் கூட நிற்க வேண்டும்.

ஊர் வாய் என்று ஒன்று இருக்கிறது. "இன்றைக்கு மண்டபத்தில் சொன்னது நாளைக்குப் பெரட்டுக் களத்தில் பேச்சாகிவிடாதா?" நியாயமான பயம்தான். "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று ஒருவரை ஒதுக்கிய வரலாறு நமக்கு இருக்கிறது. 1911-இல் திறந்த அந்த மருத்துவமனையின் ஊர்ப் பெயரையே நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதனால் பெண்களுக்குத் தனிக் குழு வேண்டும். ஒரே வரிசை வீட்டுக்காரர்களை ஒரே குழுவில் போடாமல், தெலுக் பங்ளிமா காராங், பந்திங் பக்கத்து மக்களோடு கலந்து போட வேண்டும். மண்டோரும் அவர் கீழ் வேலை செய்பவரும் ஒரே வட்டத்தில் உட்காரக் கூடாது. அறை வாசலில் "மனநலம்" என்று பெரிய பதாகை வேண்டாம், "குடும்ப நலம்" என்றால் போதும். முதல் நாளே ஒவ்வொருவரும் இரகசியம் காக்கக் கையெழுத்துப் போட வேண்டும். காணொலியில் மட்டும் இரகசியம் பத்திரமா? திரையைப் படம் பிடிக்க ஒரு விரல் போதுமே!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறீர்களா? சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 1997-இல் நாடாளுமன்றம் தொலைமருத்துவச் சட்டம், சட்டம் 564, நிறைவேற்றியது. அதன் 5-ஆம் பிரிவு நோயாளிக்கு அருமையான காப்பு. திரை வழிச் சிகிச்சைக்கு முன் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். ஆபத்தும் நன்மையும் விளக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதனால் பின்னால் கிடைக்கும் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. படத்தையும் தகவலையும் நோயாளியைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. நல்ல சட்டம்! ஆனால் நிறைவேற்றிக் கால் நூற்றாண்டு கடந்தும் அமலாக்கத் தேதி குறிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டார்கள். 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அரசாங்கக் காணொலிக் குழுவில் நீங்கள் அழுத பதிவு யாரிடம் எத்தனை நாள் இருக்கும் என்று அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. காணொலியைத் தள்ளிவிடுவதற்கு முன் இந்தக் காப்பை அல்லவா அமல்படுத்த வேண்டும்? 2001-இன் மனநலச் சட்டம் சமூக மனநல மையங்களுக்கு இடம் வைத்திருக்கிறது. அமைச்சின் மெந்தாரி மையங்கள் பல ஊர்களில் நடக்கின்றன. சட்டத்தில் இடம் இருக்கிறது, தோட்டத்தில்தான் இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. "சாகத் தோன்றுகிறது" என்று சொன்னால் போலீஸ் வரும் என்ற பயத்தில் நம் மக்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டம் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அது குற்றம் அல்ல. தைரியமாகச் சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 2022-இல் அமைச்சு தொடங்கிய ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. கூப்பிட்டதும் முதலில் தமிழ் பேசுகிறவரைக் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் தமிழ் பேசுகிறவர்களை வேலைக்கு வைப்பார்கள்.

உங்களுக்கு லிங்க் வந்தால் சேருவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், அன்றைய நிலைக்கு வேறொன்றும் இல்லையென்றால் சேருங்கள். ஆனால் சேருவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்கிறார்களா? எந்த மொழியில் நடக்கிறது? நடத்துகிறவர் 1998-இன் ஆலோசகர்கள் சட்டத்தின் கீழோ, 2016-இன் துணை மருத்துவத் தொழிலர் சட்டத்தின் கீழோ பதிவு பெற்றவரா? நான் நடுவில் மயங்கி விழுந்தால், அழுது கைப்பேசியை அணைத்துவிட்டால், யாரைக் கூப்பிடுவார்கள்? இதற்குப் பதில் இல்லாத குழு குழுவே அல்ல. "வாழ்க்கைப் பயிற்சியாளர்" என்று சொல்லிக்கொண்டு முகநூலில் காசு கேட்கும் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுங்கள்.

நேரடிக் குழு வேண்டும் என்று கேட்கும் வழி இதுதான். தெலுக் பங்ளிமா காராங் சுகாதார கிளினிக்குக்குப் போனால் "சாரிங்கான் மிண்டா சிஹாட்" என்று கேளுங்கள், மனநலப் பரிசோதனைக்கு அதுதான் பெயர். அது உங்கள் உரிமை. பரிசோதனையில் பதற்றம் என்று வந்தால், தமிழில் நேரடிக் குழு சிகிச்சை வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லி, உங்கள் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். "இல்லை" என்றால் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். எழுதப்படாத தேவை கணக்கில் வராது.

அடுத்து, தோட்டத்துக்கு ஒரு கடிதம். கோலா லங்காட் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதுங்கள், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் தோட்ட நிர்வாகிக்கும் நகல் போகட்டும். மலாயில் எழுதுங்கள், இளைஞர்கள் உதவுவார்கள். வாரம் ஒரு நாள், மாலை நாலரை மணிக்கு மேல், தீவுக்குள்ளேயே ஓர் அறை, தமிழில் நடத்தும் குழு, நேரில் ஒருவர், தேவைப்பட்டால் திரையில் நிபுணர் என்று கேளுங்கள். நோயுள்ளவர்களின் பெயர் வேண்டாம், வீட்டுத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு "பெற்றுக்கொண்டோம்" என்ற முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.